ஏசியில் எல்இடி: கொலு வீட்டுக்கு விளக்குப் போட ரெசிஸ்டர் மட்டும் ஏன் போதாது?

நவராத்திரி நெருங்கும்போது கொலுப்படிக்குப் பக்கத்தில் பூங்கா அமைப்பவர்களுக்கு ஓர் ஆசை வரும். இந்த முறை வீடுகளுக்குள் விளக்கு எரிய வேண்டும். அட்டையில் செய்த ஓட்டு வீடு, தெர்மோகோல் கோபுரம், குட்டி ரயில்வே ஸ்டேஷன், அதன் வாசலில் ஒரு தெருவிளக்கு. டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில் அமைப்பவர்களுக்கும், பள்ளிக் கண்காட்சிக்கு மாதிரி ஊர் செய்யும் பிள்ளைகளுக்கும் இதே ஆசை உண்டு. வீட்டுப் பரணில் ஒரு 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் கிடக்கும். முன்பு அதில் சின்னச் சின்ன குண்டு பல்புகள் எரிந்திருக்கும். அதையே எடுத்து எல்இடி போடலாமே என்று தோன்றும்.

யாரைக் கேட்டாலும் உடனே வரும் பதில், "ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்துக் கொடு, எரியும்." ரெசிஸ்டர் என்பது ஓடும் மின்சாரத்தைத் தடுத்துக் குறைக்கும் ஒரு சின்னப் பொருள். எரியும் என்பது உண்மைதான். அதனால்தான் இந்தப் பதிலை யாரும் சந்தேகிப்பதில்லை. ஆனால் இது பாதிப் பதில். டிரான்ஸ்பார்மரிலிருந்து வருவது ஏசி, அதாவது திசை மாறிமாறித் தள்ளும் மின்சாரம். ஏசியில் ரெசிஸ்டர் எல்இடியை ஒரு திசையில் மட்டுமே காப்பாற்றும். மறுதிசையில் அதற்குப் பாதுகாப்பே கிடையாது. ஒன்பது நாள் எரிய வேண்டிய வீட்டில் மூன்றாம் நாள் ஒரு ஜன்னல் மங்குவதும், அடுத்த வருடம் எடுத்துப் பார்த்தால் பாதி எரியாமல் இருப்பதும் பெரும்பாலும் இதனால்தான். சரி செய்ய ஆகும் செலவு மிகக் குறைவு. அதற்கு முன் உள்ளே என்ன நடக்கிறது என்பது புரிய வேண்டும்.

டிரான்ஸ்பார்மர் என்ன தருகிறது?

இரண்டு சொற்கள் முதலில். மின்சாரத்தைத் தள்ளும் வலுவுக்கு மின்னழுத்தம் என்று பெயர், அளவு வோல்ட். அப்படித் தள்ளப்பட்டு ஓடும் மின்சாரத்தின் அளவுக்கு மின்னோட்டம் என்று பெயர், அளவு ஆம்பியர். எல்இடிக்கு ஓர் ஆம்பியர் என்பது மிகமிகப் பெரிது. அதனால் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிஆம்பியரில்தான் பேசுவோம்.

பேட்டரியும் மொபைல் சார்ஜரும் ஒரே திசையில் தள்ளுகின்றன. அது டிசி. வீட்டுச் சுவரில் வரும் 230 வோல்ட் அப்படியல்ல. நொடிக்கு 50 முறை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 20 மில்லிநொடி. அதில் 10 மில்லிநொடி ஒரு பக்கமும் அடுத்த 10 மில்லிநொடி எதிர்ப்பக்கமும் தள்ளும். இதுதான் ஏசி. டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கிறது, அவ்வளவுதான். திசை மாறும் குணத்தை அது தொடுவதில்லை. உள்ளே போவது ஏசி என்றால் வெளியே வருவதும் ஏசி.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. டிரான்ஸ்பார்மர் மேல் எழுதியிருக்கும் 12 வோல்ட் அதன் உச்ச அளவு அல்ல. ஏசியின் அழுத்தம் பூஜ்யத்திலிருந்து ஏறி, உச்சம் தொட்டு, இறங்கி, எதிர்ப்பக்கம் போய் அங்கேயும் உச்சம் தொட்டுத் திரும்புகிறது. 12 வோல்ட் டிசி எவ்வளவு சூட்டைத் தருமோ அதே சூட்டைத் தரும் ஏசியைத்தான் 12 வோல்ட் ஏசி என்கிறோம். மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டர் காட்டுவதும் அந்த எண்ணைத்தான். உச்சம் அதைப்போல் 1.4 மடங்கு, அதாவது 17 வோல்ட். போதாததற்கு, அந்த 12 வோல்ட் என்பது டிரான்ஸ்பார்மர் முழுச் சுமையில் ஓடும்போது தரும் அளவு. நாலைந்து எல்இடி மட்டும் இணைத்தால் சுமை ஒன்றுமே இல்லை. மீட்டரில் 13, 14 என்று காட்டும். அப்போது உச்சம் 20 வோல்ட் வரை போய்விடும்.

கடையில் 12-0-12 என்று கேட்டு வாங்கும் டிரான்ஸ்பார்மரில் வெளியே மூன்று வயர் இருக்கும். நடு வயருக்கும் ஓர வயர் ஒன்றுக்கும் இடையே 12 வோல்ட். இரண்டு ஓர வயர்களுக்கும் இடையே 24 வோல்ட். நிறத்தை நம்பாமல் மீட்டரை ஏசி அளவில் வைத்துப் பார்த்துவிட்டு, நடுவையும் ஒரு ஓரத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வயரின் முனையை டேப் சுற்றி மூடிவிட வேண்டும்.

இதுவரை பார்த்தது: 12 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் ஒவ்வொரு நொடியிலும் 50 முறை ஒரு பக்கம் 17 வோல்ட், 50 முறை எதிர்ப்பக்கம் 17 வோல்ட் என்று அந்த இரண்டு வயர்களும் தொட்டுத் திரும்புகின்றன.

எல்இடியின் மூன்று குணங்கள்

பழைய குண்டு பல்புக்குத் திசை பற்றிய கவலை கிடையாது. உள்ளே இருப்பது ஒரு மெல்லிய கம்பி. மின்சாரம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அது சூடாகும், ஒளிரும். எல்இடி அப்படியல்ல. அது ஒரு டயோடு. டயோடு என்றால் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் போகவிடும் பொருள். எல்இடி என்பது, மின்சாரம் போகும்போது ஒளியும் தருகிற டயோடு.

இதற்கு வீட்டிலேயே ஒரு நல்ல உவமை இருக்கிறது. மோட்டாரிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்குப் போகும் குழாயில் பிளம்பர் என்ஆர்வி என்று ஒன்று மாட்டுவார். தண்ணீர் மேலே போகும், திரும்பிக் கீழே வராது. எல்இடியும் ஒரு என்ஆர்விதான். அதற்கு உள்ள மூன்று குணங்களும் இதற்கும் உண்டு.

முதலாவது, கொஞ்சம் அழுத்தம் கொடுத்தால்தான் திறக்கும். என்ஆர்விக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை ஜெயித்தால்தான் தண்ணீர் நுழையும். சிவப்பு எல்இடி திறக்க சுமார் 2 வோல்ட் வேண்டும். நீலத்துக்கும் வெள்ளைக்கும் சுமார் 3 வோல்ட். நீல ஒளிக்குச் சிவப்பைவிட ஆற்றல் அதிகம் என்பதால் அதை உண்டாக்க அழுத்தமும் அதிகம் வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, திறந்துவிட்டால் அது எதையும் தடுக்காது. வருவதையெல்லாம் விட்டுவிடும். மின்சாரம் கட்டுக்கடங்காமல் பாய்ந்து எல்இடி நொடியில் கருகும். அதனால் குழாயில் ஒரு கேட் வால்வைப் போட்டுக் கொஞ்சமாகத் திறந்து வைப்பதுபோல, எல்இடியுடன் வரிசையில் ஒரு ரெசிஸ்டரை மாட்டுகிறோம். ரெசிஸ்டர் என்பது மின்னோட்டத்தைத் தடுத்துக் குறைக்கும் பொருள், அளவு ஓம். அது எல்இடியின் எந்தக் காலில் இருந்தாலும் ஒன்றுதான். ஒரே குழாயில் வால்வு முன்னால் இருந்தால் என்ன, பின்னால் இருந்தால் என்ன, ஓடும் தண்ணீர் ஒன்றே.

மூன்றாவது குணம்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம். எதிர்த்திசை அழுத்தத்தை என்ஆர்வி தடுக்கும், ஆனால் ஓர் அளவு வரைதான். அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் தகடு விட்டுப்போகும். சாதாரண எல்இடிகளுக்கு உற்பத்தியாளர்கள் வழக்கமாகக் குறிக்கும் எதிர்த்திசை எல்லை வெறும் 5 வோல்ட்.

ரெசிஸ்டர் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?

இங்கேதான் பெரும்பாலோர் தவறாக நினைக்கிறார்கள். "ரெசிஸ்டர் வோல்டேஜைக் குறைத்துவிடும், அப்புறம் என்ன?" என்பார்கள்.

மறுபடி அந்தக் குழாயைப் பாருங்கள். கேட் வால்வை முக்கால்வாசி மூடி வைத்திருக்கிறீர்கள். மோட்டார் நின்றுவிட்டது. தொட்டித் தண்ணீர் கீழே அழுத்துகிறது, என்ஆர்வி மூடிக்கொண்டது. இப்போது என்ஆர்வி மேல் எவ்வளவு அழுத்தம்? தொட்டியின் முழு உயரத்துக்கான அழுத்தமும் அப்படியே இருக்கும். நடுவில் இருக்கும் கேட் வால்வு ஒரு துளிகூடக் குறைக்காது. ஏனென்றால் அது ஓடும் தண்ணீரைத்தான் தடுக்கும். தண்ணீரே ஓடவில்லை என்றால் அதற்கு வேலையே இல்லை.

ரெசிஸ்டரும் அப்படியே. அது எடுத்துக்கொள்ளும் வோல்ட் என்பது அதன் ஓம் அளவை ஓடும் மின்னோட்டத்தால் பெருக்கினால் வருவது. எல்இடி மூடியிருக்கும்போது மின்னோட்டம் பூஜ்யம். பூஜ்யத்தை 1000 ஓமால் பெருக்கினாலும் பூஜ்யம், 10,000 ஓமால் பெருக்கினாலும் பூஜ்யம். ஆக, எதிர்த்திசையில் வரும் 17 வோல்ட்டும் முழுசாக எல்இடியின் தலையில் விழுகிறது. தாங்கும் எல்லையோ 5 வோல்ட்.

அப்படியென்றால் உடனே வெடித்துவிட வேண்டுமே, ஏன் எரிகிறது? எதிர்த்திசையில் எல்லை மீறி எல்இடி விட்டுக்கொடுக்கும் கணத்தில் மின்சாரம் ஓடத் தொடங்குகிறது. ஓடத் தொடங்கியதும் ரெசிஸ்டருக்கு வேலை வந்துவிடுகிறது. அது அந்த ஓட்டத்தைச் சில மில்லிஆம்பியருக்குள் அடக்கிவிடுகிறது. அதனால் ஒரே அடியில் சாவதில்லை. ஆனால் அந்த ஓட்டம் எல்இடி முழுவதும் பரவாமல் பலவீனமான சில புள்ளிகள் வழியாகப் பாய்ந்து அந்த இடங்களைக் கெடுக்கிறது. நொடிக்கு 50 முறை. சில எல்இடிகள் மாதக்கணக்கில் தாங்கும், வேறு சில ஒருசில மணி நேரத்திலேயே மங்கும். "நான் அப்படித்தான் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவர் சொல்வதும், "எனக்கு நாலும் போய்விட்டது" என்று இன்னொருவர் சொல்வதும் இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

சிவப்பைவிட நீலமும் வெள்ளையும் இதில் மென்மையானவை. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை நிக் ஹோலோன்யாக் 1962இல் செய்துகாட்டினார். பளிச்சென்ற நீலம் வர 1990கள் ஆயின. அதற்காக இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நாம் வாங்கும் வெள்ளை எல்இடிக்குள் இருப்பது அந்த நீலச் சில்லுதான். மேலே மஞ்சளாக ஒரு பாஸ்பர் பூச்சு, நீலமும் மஞ்சளும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. வீடுகளுக்கு நாம் விரும்புவது வெள்ளையையும், மஞ்சள் சாயல் கொண்ட வார்ம் ஒயிட்டையும் என்பதால் இந்தப் பிரச்சினை நமக்கு இன்னும் நெருக்கமானது.

சுருக்கமாக, நேர்த்திசையில் ஓட்டத்தை அடக்க ரெசிஸ்டர் கட்டாயம் வேண்டும். எதிர்த்திசையில் எல்இடி மூடியிருக்கும்போது ரெசிஸ்டரால் ஒரு பயனும் இல்லை. அந்தப் பாதிக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

ஒரு வீடு, இரண்டு வீடு என்றால்

எதிர்த்திசை மின்சாரத்துக்கு ஒரு மாற்றுவழி கொடுத்துவிட்டால் போதும். எல்இடிக்குப் பக்கத்திலேயே ஒரு சாதாரண டயோடைத் தலைகீழாக இணையுங்கள். 1என்4148 என்று கேட்டால் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கொடுப்பார்கள். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கைப்பிடி அளவாகவே வாங்கலாம். எல்இடி மூடிக்கொள்ளும் அந்தப் பாதியில் இந்த டயோடு திறந்துகொள்ளும். திறந்த டயோடு எடுத்துக்கொள்வது சுமார் 0.7 வோல்ட். பக்கத்தில் இருக்கும் எல்இடியும் அந்த 0.7 வோல்ட்டை மட்டுமே பார்க்கும். மீதி முழுவதையும் ரெசிஸ்டர் ஏற்றுக்கொள்ளும். இப்போது அதற்கு இரண்டு திசையிலும் வேலை இருக்கிறது.

இணைப்பில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எல்இடியின் நீளக் கால் பாசிட்டிவ், குட்டைக் கால் நெகட்டிவ். கால்களை வெட்டிவிட்டிருந்தால் அடி விளிம்பைத் தடவிப் பாருங்கள். தட்டையாக இருக்கும் பக்கம் நெகட்டிவ். டயோடில் கோடு போட்டிருக்கும் முனை நெகட்டிவ். ஆக, டயோடின் கோடு போட்ட முனை எல்இடியின் நீளக் காலோடும், மறுமுனை குட்டைக் காலோடும் சேர வேண்டும். ரெசிஸ்டர் இந்த ஜோடிக்கு வெளியே, டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் ஒரு வயரில்.

இதைவிட எனக்குப் பிடித்தது டயோடுக்குப் பதிலாக இன்னொரு எல்இடியையே தலைகீழாகப் போடுவது. ஒவ்வொன்றின் நீளக் காலும் மற்றதன் குட்டைக் காலோடு. ஒன்று மூடியிருக்கும்போது மற்றது திறந்து 3 வோல்ட்டோடு நிறுத்திவிடும். அது 5 வோல்ட் எல்லைக்குள்தான். ஒரே ரெசிஸ்டரில் இரண்டு ஜன்னலும் எரியும், ஒன்றை மற்றொன்று காக்கும்.

டயோடை எல்இடிக்கு எதிராகப் பக்கத்தில் வைக்காமல், அதோடு வரிசையில் வைக்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். அது பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் எதிர்த்திசை அழுத்தத்தை எல்இடியும் டயோடும் எப்படிப் பங்கிட்டுக்கொள்ளும் என்பது இரண்டிலும் கசியும் நுண்ணிய மின்சாரத்தைப் பொறுத்தது. அதை நம் கையால் நிர்ணயிக்க முடியாது. தலைகீழ் டயோடில் அந்தச் சந்தேகமே இல்லை.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. ஒவ்வொரு எல்இடியும் பாதி நேரம்தான் எரிகிறது. நொடிக்கு 50 முறை அணைந்து எரியும் இந்தத் துடிப்பை நேராகப் பார்த்தால் பலருக்குத் தெரியாது, ஓரக்கண்ணில் தெரியும். மொபைலில் வீடியோ எடுத்தால் பட்டைபட்டையாகத் தெரியலாம். கொலுவை வீடியோ எடுத்து அனுப்பாத வீடு இப்போது எது? அதற்குத்தான் அடுத்த வழி.

ஊர் முழுக்க விளக்கு என்றால்

பத்துப் பதினைந்து வீடு, தெருவிளக்கு, கோயில் என்று போனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டயோடு போடுவது வீண் வேலை. டிரான்ஸ்பார்மர் வாசலிலேயே ஏசியை டிசியாக மாற்றிவிடுவதுதான் சரி. அதன் பிறகு எதிர்த்திசை என்ற பேச்சே இல்லை.

மாற்றுவது பிரிட்ஜ் ரெக்டிஃபயர். நான்கு டயோடுகளை ஒரு சதுரமாக இணைத்தால் அதுதான். 1என்4007 டயோடு நான்கு வாங்கி நீங்களே செய்யலாம், நான்கையும் ஒரே உறைக்குள் வைத்த தயார் பொருளும் கிடைக்கும். நான்கு கால்களில் இரண்டில் அலைக்குறி இருக்கும், டிரான்ஸ்பார்மர் வயர்கள் அங்கே. மற்ற இரண்டு பிளஸ், மைனஸ். உள்ளே வருவது எந்தத் திசையில் வந்தாலும் பிளஸ் காலில் பிளஸ்தான் வரும். இரண்டு பாதியும் பயன்படுவதால் துடிப்பு நொடிக்கு 100 ஆகிறது, கண்ணுக்குத் தெரியாது.

ஆனாலும் ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே அழுத்தம் பூஜ்யத்துக்கு இறங்குகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்ப ஒரு கெபாசிட்டர் போடுகிறோம். உச்சத்தில் மின்சாரத்தைச் சேமித்து, இறங்கும்போது திருப்பித் தருவது அதன் வேலை. 1000 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் என்று கேளுங்கள். 100 மில்லிஆம்பியர் சுமைக்கு அழுத்தம் சுமார் 1 வோல்ட்தான் ஏறி இறங்கும். கெபாசிட்டர் உடலில் மைனஸ் பக்கம் பட்டையாகக் குறித்திருக்கும். அதைத் தலைகீழாக மாட்டினால் சூடாகி வெடிக்கும். மின்சாரம் கொடுக்கும் முன் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது கெபாசிட்டரின் இரு முனைகளுக்கு இடையே மீட்டரை டிசி அளவில் வைத்தால் 12 காட்டாது. உச்சமான 17இலிருந்து பிரிட்ஜ் எடுத்துக்கொள்ளும் சுமார் 1.4 வோல்ட்டைக் கழித்தால் 15.5. சுமை குறைவாக இருந்தால் 18, 19கூட வரும். "12 வோல்ட் டிரான்ஸ்பார்மர், ஆகவே 12 வோல்ட்" என்று கணக்குப் போட்டு ரெசிஸ்டர் வாங்கியவர்களின் எல்இடி எதிர்பார்த்ததைவிட அதிகமாக எரிந்து சீக்கிரம் சூடாவது இதனால்தான்.

இதைச் சீராக்க 7812 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் ஒன்று போடலாம். எழுத்து உங்களைப் பார்த்திருக்க, இடது கால் உள்ளே வருவது, நடுக் கால் மைனஸ், வலது கால் 12 வோல்ட் வெளியே. மின்சாரம் ஏறினாலும் இறங்கினாலும் அது 12லேயே நிற்கும். சாயங்காலம் வோல்டேஜ் ஆடும் ஊர்களில் இதன் அருமை தெரியும். 100 மில்லிஆம்பியர் வரை வெதுவெதுப்பாக இருக்கும், அதற்கு மேல் போனால் சூட்டை வெளியே கடத்தும் ஹீட் சிங்க் தகடு ஒன்று மாட்டுங்கள்.

புதிதாக எல்லாம் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கையில் டிரான்ஸ்பார்மர் இல்லையென்றால் இவ்வளவு பாடே வேண்டாம். பிஐஎஸ் பதிவு எண் உள்ள 12 வோல்ட், 1 ஆம்பியர் டிசி அடாப்டர் ஒன்று வாங்கினால் பிரிட்ஜ், கெபாசிட்டர், ரெகுலேட்டர் மூன்றின் வேலையையும் அதுவே செய்துவிடும்.

இந்தப் பகுதியின் சாரம்: பிரிட்ஜ் திசையைச் சரிசெய்கிறது, கெபாசிட்டர் பள்ளத்தை நிரப்புகிறது, ரெகுலேட்டர் அளவை நிறுத்துகிறது. அதற்குப் பின் வருவது சுத்தமான 12 வோல்ட் டிசி.

எத்தனை ஓம் ரெசிஸ்டர்?

எல்இடி தனக்கு வேண்டிய 3 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதியை ரெசிஸ்டர் சுமக்க வேண்டும். அந்த மீதியை, நீங்கள் விரும்பும் மின்னோட்டத்தால் வகுத்தால் ஓம் கிடைக்கும்.

12 வோல்ட் டிசியில் ஒரு வெள்ளை எல்இடி, 5 மில்லிஆம்பியர் போதும் என்று வைத்துக்கொள்வோம். மீதி 9 வோல்ட். 9ஐ 0.005ஆல் வகுத்தால் 1800 ஓம். கடையில் 1.8 கே என்று கேட்க வேண்டும். இரண்டு எல்இடியை வரிசையில் போட்டால் மீதி 6 வோல்ட், 1.2 கே. மூன்று என்றால் மீதி 3 வோல்ட், 600 ஓம் வரும். அந்த அளவு எளிதில் கிடைக்காது, அடுத்து மேலே உள்ள 680 ஓம் எடுங்கள். எல்லாமே கால் வாட் ரெசிஸ்டர் போதும்.

ஏசியில் தலைகீழ் ஜோடியாகப் போட்டவர்களுக்கு உச்சத்தை வைத்துக் கணக்கு. 17இல் 3 போக 14 வோல்ட். 2.2 கே போட்டால் உச்சத்தில் 6 மில்லிஆம்பியர் சொச்சம், சராசரி ஓர் எல்இடிக்கு 2 மில்லிஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. ஜன்னல் வெளிச்சத்துக்கு இதுவே போதும். இன்னும் பளிச்சென்று வேண்டுமென்றால் 1 கே. அங்கே அரை வாட் ரெசிஸ்டர் நல்லது.

எல்இடி 20 மில்லிஆம்பியர் தாங்கும் என்று எங்கேயோ படித்துவிட்டு அதையே கொடுப்பவர்கள் உண்டு. தாங்கும். ஆனால் தீப்பெட்டி அளவு வீட்டுக்குள் 20 மில்லிஆம்பியர் வெள்ளை எல்இடியை வைத்தால் வீடு வெல்டிங் பட்டறை மாதிரி இருக்கும். இன்றைய எல்இடிகள் 2 மில்லிஆம்பியரிலேயே நல்ல வெளிச்சம் தருகின்றன. கண்ணுக்கு இதமாக வரும் வரை ரெசிஸ்டரை ஏற்றிக்கொண்டே போங்கள். 4.7 கே, 10 கேகூடப் பரவாயில்லை. ஓம் கூடினால் எல்இடிக்கு ஆயுள்தான் கூடும்.

பத்து எல்இடியைப் பக்கம்பக்கமாக இணைத்து எல்லாவற்றுக்கும் ஒரே ரெசிஸ்டர் போடுவது தவறு. ஒவ்வொரு எல்இடியும் திறக்கும் அழுத்தத்தில் நூலிழை வித்தியாசம் உண்டு. முதலில் திறப்பது மின்சாரத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டு சூடாகும், மற்றவை மங்கலாக நிற்கும். சிவப்பையும் வெள்ளையையும் அப்படி இணைத்தால் வெள்ளை எரியவே எரியாது. ஒரு கிளைக்கு ஒரு ரெசிஸ்டர், அதில் சிக்கனம் வேண்டாம்.

எல்இடி ஸ்ட்ரிப் பற்றி ஒரு வார்த்தை

12 வோல்ட் ஸ்ட்ரிப்பை வெட்டி ஒட்டுவது எளிது என்பதால் பலர் அதையே எடுக்கிறார்கள். மூன்று எல்இடியும் ஒரு ரெசிஸ்டரும் சேர்ந்த துண்டுகளாக அது இருக்கும், செம்புப் புள்ளிகள் தெரியும் இடத்தில் மட்டும் கத்தரிக்க வேண்டும். நல்ல பொருள்தான். ஆனால் அது 12 வோல்ட் டிசிக்குச் செய்யப்பட்டது. 12 வோல்ட் ஏசியில் நேராக இணைத்தால் நேர்த்திசையில் 17 வோல்ட் உச்சத்தில் அளவுக்கு மேல் மின்சாரம் ஓடும், எதிர்த்திசையில் மூன்று எல்இடி சேர்ந்து 17 வோல்ட்டைத் தாங்க வேண்டும். இரண்டு பக்கமும் அடி. ஸ்ட்ரிப் என்றால் சீரான 12 வோல்ட் டிசி மட்டும்தான்.

வயரிங் செய்யும்போது

மேடைக்கு அடியில் சிவப்பு, கறுப்பு என இரண்டு நீள வயர்களை ஓட்டிவிடுங்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இரண்டு வயர் இறங்கி அவற்றோடு சேரட்டும். ரெசிஸ்டர் அந்தந்த வீட்டோடு இருக்கட்டும். அப்போதுதான் ஒரு வீட்டை எடுத்து வேறு இடத்தில் வைத்தாலும் கணக்கு மாறாது. சால்டர் வைத்த இடங்களில், சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் மாட்டுங்கள். சால்டரிங்கை வெளியே முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் எல்இடியை நுழைக்க வேண்டும், சூடு பட்டால் தெர்மோகோல் உருகிவிடும்.

எல்இடி சக்தி குறைவு என்பதால் வயரும் மெல்லியதாக இருக்கலாம். ஆனால் இரண்டு வயர் எங்கேயாவது உரசிக்கொண்டால் டிரான்ஸ்பார்மர் தன்னால் முடிந்த அளவு மின்சாரத்தை அந்த மெல்லிய வயரில் தள்ளும். அட்டை, தெர்மோகோல், பட்டுத் துணி, பக்கத்தில் எண்ணெய் விளக்கு என்று இருக்கும் இடம் அது. டிரான்ஸ்பார்மரிலிருந்து 12 வோல்ட் வெளியே வரும் வயரில் 500 மில்லிஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று கட்டாயம் போடுங்கள்.

வெளிச்சம் சுவர் வழியாக ஊடுருவி வீடே லாந்தர் மாதிரி தெரிந்தால் உள்சுவருக்குக் கறுப்பு பெயின்ட் ஒரு கோட், அதன்மேல் வெள்ளை ஒரு கோட். ஜன்னலுக்குப் பின்னால் பட்டர் பேப்பர் ஒட்டினால் எல்இடி புள்ளியாகத் தெரியாமல் வெளிச்சம் பரவும். குடியிருக்கும் வீட்டுக்கு வார்ம் ஒயிட், கடைக்கும் ஸ்டேஷனுக்கும் டியூப் லைட் மாதிரி கூல் ஒயிட், கோயில் கருவறைக்கு மஞ்சள். இந்த ஒரு வித்தியாசமே ஊருக்கு உயிர் கொடுத்துவிடும். கூரையை மட்டும் ஒட்டிவிடாதீர்கள், கழற்ற வரட்டும்.

230 வோல்ட்டில் நேரடியாக வேண்டாம்

டிரான்ஸ்பார்மரே இல்லாமல், ஒரு கெபாசிட்டரையும் சில டயோடுகளையும் வைத்து 230 வோல்ட்டிலிருந்து நேராக எல்இடி எரிக்கும் சர்க்யூட் ஒன்று எங்கும் சுற்றுகிறது. செலவு குறைவு, எரியவும் எரியும். மூடிய பல்புக்குள் யார் கையும் படாதபடி வைப்பதற்கு அது சரி. கொலுவுக்குச் சரியல்ல.

டிரான்ஸ்பார்மருக்குள் இரண்டு தனித்தனிக் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. சுவரிலிருந்து வரும் மின்சாரத்துக்கும் வெளியே போகும் 12 வோல்ட்டுக்கும் நடுவே கம்பித் தொடர்பு கிடையாது. அந்த இடைவெளிதான் நம்மைக் காப்பது. கெபாசிட்டர் சர்க்யூட்டில் அது இல்லை. எல்இடியின் இரு கால்களுக்கு இடையே 3 வோல்ட்தான் இருக்கும், ஆனால் அந்தக் காலுக்கும் நீங்கள் நிற்கும் தரைக்கும் இடையே 230 வோல்ட் இருக்கக்கூடும். பூவுக்குத் தண்ணீர் தெளித்த ஈரக் கையோடு பொம்மையை நகர்த்தும் இடம், குழந்தைகள் தொட்டுப் பார்க்கும் இடம். அங்கே அதை வைக்கவே கூடாது. டிரான்ஸ்பார்மரையும் ஒரு மூடிய பெட்டிக்குள் வைத்து, 230 வோல்ட் வயர் நுழையும் இடத்தில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எரியவில்லை என்றால்

எல்லா வீடும் இருண்டிருந்தால் முதலில் ஃப்யூஸ், அப்புறம் மீட்டரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். ஒரு வீடு மட்டும் இருண்டிருந்தால் பெரும்பாலும் எல்இடியைத் திருப்பி இணைத்திருப்பீர்கள். இரண்டு வயரையும் மாற்றிப் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். 12 வோல்ட் டிசியில் அது ஏற்கெனவே சில மணி நேரம் தலைகீழாக இருந்திருந்தால், மாற்றிய பின் எரிந்தாலும் மற்றவற்றைவிட மங்கலாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். மங்கலாக இருந்தால் அந்த எல்இடியை எடுத்துவிட்டு வேறு போடுங்கள். மாற்றிப் பிடித்தும் எரியவில்லையென்றால் மீட்டரை டயோடு சோதனையில் வைத்து எல்இடியின் இரு கால்களையும் தொடுங்கள். நல்ல எல்இடி பெரும்பாலும் ஒரு திசையில் லேசாக மினுங்கும். மினுங்கினால் எல்இடி நன்றாகத்தான் இருக்கிறது, சால்டர் விட்டுப்போன இடத்தைத் தேட வேண்டியதுதான்.